ஓட்டல் செலவு ஐந்நூறு

2025 ஜூன் 5, வியாழன்

இன்றும் சாளை மீன். நேற்றும் சாளை. திங்கள்கிழமையும் சாளைதான், ஆனால் அது தேங்காய் அரைத்த குழம்பு, அதனால் அதை விட்டுவிடலாம்.

காலையில் மழையில் நனைந்துகொண்டு பையோடு வந்தார். "மலிவாக் கிடைச்சுது" என்று அடுக்களை மேடையில் வைத்தார். கல்யாணம் ஆன நாள் முதல் இந்த வீட்டுக்குள் அரிசி, பருப்பு, மீன், காய்கறி எல்லாம் என் வீட்டுக்காரர் சுயம்புராஜின் கையால்தான் வருகிறது. கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்தபோதும் அப்படித்தான், ரிட்டையர் ஆன பிறகும் அப்படித்தான். நான் கடைக்குப் போவது துணிக்கும் மருந்துக்கும் மட்டும். கருங்கல் சந்தையை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

குறை சொல்லவில்லை. பொறுப்பான மனுஷன். ஆனால் ஒரு நாளாவது 'உனக்கு என்ன வேணும்' என்று கேட்டிருக்கிறாரா?

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று மீனைக் கல்லில் உரசிக் கழுவும்போது யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் மனசை என்னவோ செய்தது.

ஜூன் 7, சனி

அவர் விழுந்துவிட்டார். வாசல் படியில் பாசி. வலது கணுக்காலில் எலும்பு முறிவு. பக்கத்து வீட்டு குளோரி தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து ஆட்டோ பிடித்தாள். அவள் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன்?

ஆறு வாரம் மாவுக்கட்டு. மகள் அஞ்சலி பெங்களூரிலிருந்து வீடியோவில் அழுதாள். "அழாத மக்கா, அப்பா ராஜா மாதிரி படுத்திருக்காவ" என்று காட்டினேன்.

வலி குறைந்ததும் ராஜா கேட்ட முதல் கேள்வி: "நாளைக்கு மீனுக்கு ஆரு போவா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

ஜூன் 9, திங்கள்

போனது நான்!

புறப்படும் முன் பெரிய பாடம் நடந்தது. மாதச் சாப்பாட்டுச் செலவு பத்தாயிரம், அதற்கு மேல் ஒரு சக்கரம், ஒரு பைசா கூடாது. இந்த மாதத்துக்கு மிச்சம் ஆறாயிரத்து எண்ணூறு. எந்தக் கடையில் பருப்பு, எந்தக் கடையில் முளகு, எங்கே நிற்க வேண்டும், தராசில் எங்கே கண்ணை வைக்க வேண்டும் — படுக்கையில் கிடந்துகொண்டே சந்தையைக் கையால் காற்றில் வரைந்து காட்டினார். நான் தலையாட்டினேன். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

சந்தைக்குள் நுழைந்ததும் காது அடைத்துவிட்டது. என்ன சத்தம், என்ன நிறம்! வெண்டைக்காய்க்காரி விலை சொன்னாள். உடனே எடுத்துக் கொடுத்துவிட்டேன். நான் பேரம் பேசுவேனென்று காத்திருந்த அந்த அம்மாளுக்கு முதலில் அதிர்ச்சி, பிறகு என் மேல் இரக்கம். இரண்டு காய் கூடப் போட்டாள்.

வரும் வழியில் ரம்புட்டான் குவித்து வைத்திருந்தார்கள். சிவப்பு சிவப்பாக, முடி முடியாக. அவர் எழுதித் தந்த சீட்டில் ரம்புட்டான் இல்லை. அரை கிலோ வாங்கிவிட்டேன். வாங்கிவிட்டு, திருடியவள் மாதிரி அங்குமிங்கும் பார்த்தேன். பஸ்ஸிலேயே உரித்துத் தின்றேன். தோலை எங்கே போடுவது என்று தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை சிரித்தது. அதற்கும் ஒன்று கொடுத்தேன்.

வீட்டில் விசாரணை.

"இது சீட்டுல இல்லியே."

"இல்ல."

"பின்ன?"

"பின்ன ஒண்ணுமில்ல. வாங்கினேன்."

அவர் ஒரு பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தின்றார். அப்புறம் இன்னொன்று.

ஜூன் 10, செவ்வாய்

நெத்தோலி வாங்கினேன். பழைய மீன், பாதி கூழாகிவிட்டது. அவர் அதையும் சோற்றோடு பிசைந்து தின்றார். அதுதான் ரொம்ப மோசம்.

ஜூன் 13, வெள்ளி

குளோரியின் ஸ்கூட்டரில் ஏறினேன். பிறந்து ஐம்பத்துமூன்று வருடத்தில் முதல் ஸ்கூட்டர். "அக்கா, என்ன இப்பிடிக் கெட்டிப் பிடிக்கியோ, எனக்கு மூச்சு முட்டுகு" என்று கத்திக்கொண்டே ஓட்டினாள். அவள் கடற்கரைப் பிள்ளை, மீன்காரிகளெல்லாம் அவளுக்கு அத்தை, மைனி. அவள் பக்கத்தில் நின்றால் யாரும் ஏமாற்ற முடியாது.

விசைப்படகெல்லாம் தடைக்காலத்தில் கரையில் கிடக்கிறது, நாட்டு வள்ளத்து மீன் மட்டும்தான், விலை மலையில் நிற்கிறது. ஆனாலும் நல்ல அயிலை ஒரு கூறு கிடைத்தது. முதலில் சொன்னதற்கு நாற்பது ரூபாய் குறைத்தேன். நான்! என் வாயால்! "ஏட்டி, கொஞ்சம் விட்டுக்குடேன்" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், மீன்காரி விட்டுக்கொடுத்துவிட்டாள். திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஸ்கூட்டரில் பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டு வந்தோம். என்னத்துக்குச் சிரித்தோம் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

அயிலையைப் புளிமுளக் குழம்பு வைத்தேன். அவர் மூன்று முறை சோறு வாங்கினார். "கொள்ளாம்" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

தினமும் சாயங்காலம் கணக்கு வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், ஸ்டோரில் இறக்கிய சாமானைச் சரிபார்க்கிற மாதிரி.

"தக்காளி முப்பது. தேங்காய் எழுவத்தஞ்சு. சாயாவும் பழம்பொரியும் இருவத்தஞ்சு."

கண் திறந்தது. "சாயா ஆருக்கு?"

"எனக்கு."

"வீட்டுல தேயிலை இல்லியா?"

"இருக்கு. ஆனா அது நான் போட்டுக் குடிக்கணும். இது ஒருத்தன் போட்டுத் தந்தான்."

நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். மறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நின்றுகொண்டே குடித்தேன், மழை பெய்தது, பழம்பொரி சுட்டது, நாக்கு வெந்தது. அதையெல்லாம் வாசிக்கவில்லை. அதெல்லாம் என் கணக்கு.

ஜூன் 21, சனி

இன்று தலைகால் புரியாமல் போய்விட்டது. புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு குளோரி கூட்டிப்போனாள். தள்ளிக்கொண்டு போக ஒரு வண்டி கொடுக்கிறார்கள்! அதைத் தள்ளினால் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. காளான் எடுத்தேன், சீஸ் எடுத்தேன், ஓட்ஸ் எடுத்தேன், பாஸ்தா எடுத்தேன். தேங்காய் எண்ணெய் இரண்டு லிட்டர் எடுக்க நினைத்து விலையைப் பார்த்ததும் ஒரு லிட்டரைத் திருப்பி வைத்தேன், லிட்டர் நானூறைத் தாண்டிவிட்டது. அதை மிச்சம் பிடித்த தைரியத்தில் சாக்லேட் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால் ஆயிரத்து எழுநூறு. ஐயோ.

பாஸ்தாவுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கறிவேப்பிலை தாளித்தேன். அவர் கரண்டியால் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஏட்டி, இது என்னவாக்கும்? ரப்பர் பாலு உறைஞ்சதா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டார். கட்டுப் போட்ட கால் குலுங்கி வலித்து, "அம்மோ" என்று கத்தி, மறுபடியும் சிரித்தார். கடைசியில் பாஸ்தாவைத் தின்றது குளோரி வீட்டு நாய். அதுவும் யோசித்துத்தான் தின்றது.

ஜூன் 24, செவ்வாய்

கையில் அறுநூற்றைம்பது. இன்னும் ஒரு வாரம் கிடக்கிறது. அவரிடம் கேட்கமாட்டேன். கேட்டால் 'பாத்தியா' என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே கேட்கமாட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் மரச்சீனிக் கிழங்கு அவித்து, தொட்டுக்கொள்ளக் காந்தாரி முளகு அரைத்த சம்மந்தி. மதியம் தோட்டத்து வாழைப்பூ. ராத்திரி கஞ்சி, சுட்ட கருவாடு. அவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். ஆனால் மரச்சீனி அவருக்கு உயிர். மூன்று நாளாகச் சந்தோஷமாகச் சாப்பிடுகிறார். "இது மாசத்துல ரெண்டு வாரம் வச்சாலும் எனக்குச் சம்மதம்" என்கிறார். காசு தீர்ந்ததால் நான் நல்ல பெயர் வாங்கிவிட்டேன்!

ஜூன் 30, திங்கள்

மிச்சம் பன்னிரண்டு ரூபாய். கடன் இல்லை. அடுக்களையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு சுற்று ஆடினேன். வயசுக்கு மரியாதை வேண்டாமா, முத்துக்கனி? வேண்டாம்.

ஜூலை 1, செவ்வாய்

புது மாதம், புதுப் பத்தாயிரம். இந்தத் தடவை நானே திட்டம் போட்டேன். அரிசி, பலசரக்கு நாலாயிரம். மீன், முட்டை மூவாயிரம். காய், பழம் ஆயிரத்து ஐந்நூறு. பால் ஆயிரம். கடைசியில் ஒரு வரி: ஓட்டல் ஐந்நூறு.

அவரிடம் வாசித்தேன். அந்த வரியில் நிறுத்தினார்.

"ஓட்டலா?"

"ஓட்டல்."

"ஓட்டல் சாப்பாடு வயித்துக்கு ஆவாது. அந்த எண்ணெய ஆரு கண்டா?"

அவர் கொள்கை அது. திருச்செந்தூர் போனாலும், திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நான் விடியும் முன்னால் எழுந்து பொதிச்சோறு கட்டவேண்டும். இத்தனை வருடத்தில் என்னை ஒரு ஓட்டலுக்குள் கூட்டிப்போனதில்லை.

"வயிறு எனக்க வயிறு" என்றேன். சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது.

ஜூலை 5, சனி

நெய் ரோஸ்ட்.

முதலில் இதை எழுதிவிட்டுப் பிறகு மற்றதை எழுதலாம் என்று நினைத்தேன். நெய் ரோஸ்ட்!

ஓட்டல் வாசலைத் தாண்டி இரண்டு முறை போனேன், இரண்டு முறை வந்தேன். மூன்றாவது முறை மழை பிடித்துத் தள்ளியது. உள்ளே சப்ளையர் பையன், "எத்தன பேரு?" என்றான். "நான் மட்டும்" என்றேன். கேலி செய்வானோ என்று நினைத்தேன். அவன் மேசையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான். இத்தனை வருடப் பயத்துக்கு ஒரு துடைப்பு.

ரோஸ்ட் வந்தது. தட்டுக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, கூம்பு மாதிரி சுருட்டி. எந்தப் பக்கத்தில் ஆரம்பிப்பது? நான் தோசை சுட்டால் கடைசித் தோசைதான் எனக்கு, ஆறி, ஓரம் பிய்ந்தது. இது முதல் தோசை. எனக்கென்று கல்லில் ஊற்றிய தோசை. கொஞ்சம் கண்ணில் தண்ணீர் வந்தது. சட்னி காரம் என்று வைத்துக்கொள்வோம்.

சாயங்காலம் வாசித்தேன். "நெய் ரோஸ்டும் காப்பியும், நூத்தி முப்பது."

அவர் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார்.

"முறுகலா இருந்துதா?" என்று கேட்டார்.

ஜூலை 12, சனி

கோழி பிரியாணி பார்சல், ஒன்று. எண்ணெய் பற்றி ஒரு பிரசங்கம் செய்துகொண்டே முக்கால் பொட்டலத்தைத் தின்றவர் யார் என்று எழுதத் தேவையில்லை.

ஜூலை 16, புதன்

சந்தையில் எல்லோருக்கும் என்னைத் தெரிகிறது. வெண்டைக்காய்க்காரி இப்போது என்னைக் கண்டாலே கூடையை மறைக்கிறாள். அஞ்சலி போனில், "அம்மா, குரலே மாறிப்போச்சு, என்ன விசேஷம்?" என்றாள். என்ன சொல்ல? விலை பேசிப் பேசித் தொண்டை திறந்துவிட்டது.

ஜூலை 21, திங்கள்

மாவுக்கட்டு பிரித்தாயிற்று. எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறதாம். பகவானுக்கு நன்றி. உள்ளபடிக்கே நன்றி.

ஆட்டோவில் வரும்போது அவர் சொன்னார்: "இனி நீ அலைய வேண்டாம் கேட்டியா. நான் பாத்துக்கிடுவேன்."

அன்பாகத்தான் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 23, புதன்

பையை எடுத்துக்கொண்டு கம்பூன்றி மெல்ல நடந்து போனார். மிச்சப் பணத்தை எண்ணி அவர் கையில் கொடுத்தேன். நான் வீட்டில் இருந்தேன். அடுக்களை துடைத்தேன். துடைத்த அடுக்களையை மறுபடியும் துடைத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

சாளை.

ஜூலை 26, சனி

குளோரி மதில் பக்கம் வந்து, "அக்கா, வரேலியா?" என்றாள், ஸ்கூட்டர் சாவியை ஆட்டிக்கொண்டு. "இல்ல பிள்ள, இனி அவரு போறாரு" என்றேன். "ஆங்" என்றாள். அந்த 'ஆங்' காலையிலிருந்து காதிலேயே கிடக்கிறது.

ஜூலை 28, திங்கள்

சொல்லிவிட்டேன். எழுத்து கோணல் கோணலாக வருகிறது.

சோறு போட்டுக்கொண்டிருந்தேன். "இஞ்ச பாருங்க. அந்தப் பைய எனக்குத் தாருங்க."

"எந்தப் பை?"

"கடைக்குப் போற பை. மாசச் செலவ நானே பாக்கேன்."

"என்னத்துக்கு? எனக்குத்தான் கால் சரியாச்சே."

"ஒங்களுக்குக் கால் சரியானா எனக்குக் கை முறிஞ்சு போச்சா?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "செலவு கூடும்" என்றார்.

"கூடாது. ஓட்டலும் சேத்துப் போட்ட திட்டமாக்கும் அது. நான் குடுத்த மிச்சத்த எண்ணித்தானே வாங்கினியோ? ஒரு ரூபா கூடிச்சா?"

"இல்ல."

"பின்ன?"

என்ன வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் வாயில் வந்தது. "காலம்பற எந்திரிச்சா இண்ணைக்கு என்ன வாங்கலாம்னு ஒரு நினைப்பு வருது. ஆறு வாரமா வந்துது. எனக்கு அது பிடிச்சிருக்கு. அம்புட்டுதான்."

அவர் எழுந்து கை கழுவினார். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "ரிட்டையர் ஆன பொறவு காலம்பற எந்திரிச்சா எனக்கும் அது ஒண்ணுதான் இருக்கு, முத்துக்கனி."

நான் அவர் தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன்.

அந்தப் பையை அதிகாரம் என்று நினைத்திருந்தேனே. இத்தனை நாளும் அப்படித்தானே நினைத்தேன்! மனுஷனுக்குப் போவதற்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. எனக்கும்தான். இரண்டு பேருக்கும் ஒரே ஒரு பை.

ஜூலை 29, செவ்வாய்

கோபம் இல்லை. அவர் பை ஆணியில் தொங்குகிறது. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. ரசமும் அப்பளமும் சாப்பிட்டோம்.

ஜூலை 30, புதன்

"ரெண்டு பேருமாப் போனா என்ன?" என்று கேட்டேன்.

பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "பஸ்ஸுக்கு டபுள் செலவு" என்றார்.

"டவுன் பஸ்ஸுல பொம்பளையளுக்குச் சும்மால்லா. டிக்கெட் ஒங்களுக்கு மட்டும்தான்."

யோசித்தார். நன்றாகவே யோசித்தார். "அப்ப நானாக்கும் வெட்டிச் செலவு" என்றார்.

இதை எழுதும்போதும் சிரிப்பு அடங்கவில்லை. அவர் அடுத்த அறையிலிருந்து, "என்னட்டி தனியாச் சிரிக்கா?" என்கிறார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

போனோம். பை அவர் கையில், பர்ஸ் என் கையில். புறப்படும்போது தானாக அப்படி அமைந்துவிட்டது.

அரிசிக்கடையில் அவர் என்னை அறிமுகப்படுத்தப் பார்த்தார். "இது எனக்க வீட்டுக்காரி" என்று தொடங்கினார். கடைக்கார சிவதாணு அண்ணாச்சி சிரித்துவிட்டார். "இவியள எனக்குத் தெரியாதா? ரெண்டு ரூபா குறைச்சாத்தானே கடைய விட்டு எறங்குவாவ! நீங்களாக்குமா இவியளுக்க வீட்டுக்காரரு?"

என் வீட்டுக்காரர் முகம் போன போக்கு! எத்தனை வருட வாடிக்கை! ஆனால் வெளியே வந்ததும், "ரெண்டு ரூபாயா குறைச்சான்? எனக்கு ஒரு நாளும் குறைச்சதில்லியே" என்றார். அதில் கோபம் இல்லை. ஏதோ பரிசு வாங்கிய பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

தேங்காயில் சண்டை. அவர் ஒவ்வொரு தேங்காயாகக் காதில் வைத்து ஆட்டுகிறார், டாக்டர் மாதிரி. "மணி பத்தாச்சு" என்றேன். "வெலை என்னன்னு பாத்தியா? தேங்காய்ல அவசரப்படப்பிடாது" என்றார். தேங்காயை அவருக்கு விட்டுவிட்டேன். பேரம் எனக்கு. மீன்காரி முன்னால் நிற்கும்போது திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன வேணும்?" என்றார்.

விளமீன் என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் அவர் வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டினார். "எங்க போறியோ?" என்றேன். "போறோம்" என்றார். "இந்த மாசத்து ஓட்டல் காசு அப்பிடியே இருக்குல்லா? சும்மா கிடந்து என்னத்துக்கு?"

கணக்கில் கொஞ்சமும் பிசகாத மனுஷன்!

போன மாதம் நான் தனியாகப் போன ஓட்டலுக்குத்தான் போனோம். அவருக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. நான் முன்னால் போய் ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்தேன். மெனு கார்டை மேலிருந்து கீழே விலை மட்டும் வாசித்தார். இரண்டு நெய் ரோஸ்ட் சொன்னேன். வந்ததும் அவர் அதன் உச்சியை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒடித்தார். சத்தம் வந்தது. "முறுகல்தான்" என்றார். அவர் எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டதை நான் இன்றுதான் பார்த்தேன். இரண்டாவது காப்பி வேறு!

சப்ளையர் பில்லை ஒரு சின்னத் தட்டில், சோம்பும் கல்கண்டும் போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான். அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை. ஒரு விரலால் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, ஆள் மாறிப்போச்சு" என்றார் அவனிடம். "இவளுக்க கையிலயாக்கும் காசு."

பர்ஸைத் திறந்தேன். பணத்தை வைத்தேன். மேலே இருபது ரூபாய் தனியாக வைத்தேன். அவர் அந்த இருபதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

பிறகு தட்டில் மிச்சமிருந்த சோம்பை முழுவதுமாக அள்ளி, பாதியை என் உள்ளங்கையில் போட்டார்.